எல்லோருக்கும் தெரிந்ததையே மெய்ப்பிக்கும் உளவியல் ஆய்வுகளால் பயன் உண்டா?

நெடுஞ்சுடர் எழுதியது:

உளவியல் ஆய்வுச் செய்திகளை ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில், வெகுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு குறையை இங்கே முன்வைக்கிறேன். தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும், தனிமை நீண்டால் மனம் தளரும், காத்திருக்கும் நேரம் நீளமாகத் தோன்றும் என்பன போன்ற முடிவுகள் புதிய கண்டுபிடிப்புகளாக வெளியாகும்போது, இதைச் சொல்வதற்கு ஓர் ஆய்வுக்கூடம் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. 2023-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 22 பண்புகளைப் பற்றி ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, இணையர்கள் பெரும்பாலும் தம்மைப் போன்றவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டியது. கல்வி, அரசியல் நிலைப்பாடு, சமயப் பற்று, குடிப்பழக்கம் என எதை எடுத்துக்கொண்டாலும் ஒற்றுமையே மிகுந்திருந்தது. இனம் இனத்தோடு சேரும் என்பது அந்த ஆய்வுக்கு முன்பே யாவரும் அறிந்த செய்தி அல்லவா?

நான் ஆய்வாளர்களின் நேர்மையை ஐயுறவில்லை. ஆனால் ஆய்வுக்கான பணமும், பயிற்சி பெற்ற மனிதர்களின் உழைப்பும் அளவுக்கு உட்பட்டவை. மனச்சோர்வு ஏன் சிலருக்கு மீண்டும் மீண்டும் வருகிறது, ஒரே சிகிச்சை ஒருவருக்குப் பலன் தந்து இன்னொருவருக்கு ஏன் பலன் தருவதில்லை என்பவற்றுக்கு நிறைவான விடை இன்னும் இல்லை. அப்படியிருக்க, தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொள்வதில் அந்த உழைப்பு செலவாவது சரியா? இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கூர்மதி எழுதியது:

நெடுஞ்சுடர் அவர்களின் கேள்வி மிகப் பழைய கேள்வி. அதற்கு மிக வலுவான விடையைச் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949-இலேயே எழுதிவிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையிலான குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களிடம் கருத்துகளைத் திரட்டியது. அந்த ஆய்வுத் தொகுதிகள் வெளிவந்தபோது, இவ்வளவு செலவு செய்து ஊரறிந்த செய்தியையா சொல்கிறீர்கள் என்ற குறைகூறல் எழக்கூடும் என்பதை எதிர்பார்த்து, லாசர்ஸ்ஃபெல்ட் தம் மதிப்புரையில் சில முடிவுகளை வரிசைப்படுத்தினார். அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கல்வியில் உயர்ந்த வீரர்களிடம் கல்வி குறைந்தவர்களைவிட மனநோய் அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன. நூலறிவில் ஊறியவர்களின் மனம் போரின் அழுத்தத்தைத் தாங்காது என்பதால் இதில் வியப்பில்லை. நாட்டுப்புறத்தில் வளர்ந்த வீரர்கள் நகரத்தில் வளர்ந்தவர்களைவிடப் படைவாழ்வில் உற்சாகமாக இருந்தார்கள். கடின வாழ்க்கை அவர்களுக்கு முன்பே பழகிப்போன ஒன்று. தென் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் வெப்பமான தென்கடல் தீவுகளின் தட்பவெப்பத்தை வடக்கத்தியவர்களைவிட எளிதாகத் தாங்கினார்கள். வெயில் அவர்களுக்குப் புதிதன்று.

இவற்றைப் படிக்கும் எவருக்கும் இவையெல்லாம் சொல்லாமலே விளங்குபவை என்றுதான் தோன்றும். ஆனால் இவை ஒவ்வொன்றும் உண்மையில் கண்டறியப்பட்டதற்கு மாறானவை. கல்வி குறைந்த வீரர்களிடம்தான் அந்த அறிகுறிகள் மிகுந்திருந்தன. வெப்பத்துக்குப் பழகிக்கொள்வதில் தெற்கத்தியவர்களுக்குத் தனித்திறன் ஏதும் தென்படவில்லை. உண்மையான முடிவுகளை முதலிலேயே சொல்லியிருந்தால், அவற்றையும் நாம் தெரிந்ததுதான் என்றே ஒதுக்கியிருப்போம் என்பது லாசர்ஸ்ஃபெல்ட்டின் வாதம். ஒன்றும் அதன் எதிர்மறையும் ஒருசேரத் தெளிவாகத் தோன்றுமானால், அந்தத் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

தாங்கள் காட்டிய இணையர் ஆய்வையே பாருங்கள். எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று நம்புகிறவர்களும் உலகெங்கும் ஏராளமாக இருக்கிறார்கள். முடிவு அப்படி வந்திருந்தால், தன்னிடம் இல்லாததைத்தானே மனிதன் தேடுவான், இதற்கும் ஓர் ஆய்வா என்று வேறொருவர் இதே குறையை எழுதியிருப்பார்.

தேன்மொழி எழுதியது:

உளவியலில் முதுகலை பயில்பவள் என்பதால் இந்த விவாதத்தில் சேர்ந்துகொள்கிறேன். கூர்மதி ஐயா குறிப்பிட்ட அந்த உணர்வு வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. அதுவே பின்னாளில் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது.

1975-இல் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர், பலரும் அறியாத ஒரு வரலாற்று நிகழ்வைத் தேர்ந்தெடுத்தார். 1814-இல் தொடங்கிய ஆங்கிலேயர்–கூர்க்கர் போரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்து, ஆங்கிலேயர் வெற்றி, கூர்க்கர் வெற்றி, அமைதி உடன்பாட்டோடு முடிந்த இழுபறி, உடன்பாடின்றி முடிந்த இழுபறி என்ற நான்கு முடிவுகளுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார். சிலருக்கு முடிவு எதுவும் சொல்லப்படவில்லை. மற்றவர்களுக்கோ, நான்கில் ஏதேனும் ஒன்றே உண்மையில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. எந்த முடிவு நடந்ததாக ஒருவருக்குச் சொல்லப்பட்டதோ, அந்த முடிவுக்கே அவர் கூடுதல் வாய்ப்பு இருந்ததாகக் கணித்தார். முடிவு தெரியாதவரைப் போல மதிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும் பெரிய மாற்றம் இல்லை. அதே ஆண்டில் ரூத் பெய்த்துடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் சென்ற பயணங்களைப் பற்றியது. பயணத்துக்கு முன் மாணவர்கள் சில கணிப்புகளைச் செய்தார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று நினைவுகூரச் சொன்னபோது, நடந்துவிட்ட நிகழ்வுகளைத் தாம் முன்பே உறுதியாக எதிர்பார்த்ததாகப் பலர் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே தெரிந்ததுதான் என்ற எண்ணம் முடிவை அறிந்த பிறகு நமக்குள் உருவாகி, முன்பிருந்தே இருந்ததைப் போல நினைவில் அமர்ந்துகொள்கிறது.

நம் கேள்வியை இன்னும் நேரடியாகத் தொட்ட ஆய்வும் உண்டு. கற்பித்தல் பற்றிய உண்மையான ஆய்வு முடிவுகளையும் அவற்றைத் தலைகீழாக்கிய வாசகங்களையும் லில்லி வாங் என்பவர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கொடுத்துப் பார்த்தார். அது 1995-இல் வெளியானது. இதுதான் கண்டறியப்பட்ட முடிவு என்று சொல்லிக் கொடுத்தபோது, அந்த வாசகம் உண்மையானதாக இருந்தாலும் தலைகீழாக்கப்பட்டதாக இருந்தாலும், அது வெளிப்படையானதே என்று மக்கள் மதிப்பிட்டார்கள்.

பழமொழிகளை வைத்தும் இதைச் செய்திருக்கிறார்கள். கார்ல் ஹால்வர் டெய்கென் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், அன்பைவிட அச்சம் வலியது என்ற வாசகத்தை மாணவர்களில் பெரும்பாலோர் உண்மை என ஏற்றார்கள். அச்சத்தைவிட அன்பு வலியது என்று மாற்றிக் கொடுக்கப்பட்டவர்களும் அதையே உண்மை என ஏற்றார்கள். நம் மொழியிலும் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றும் கேட்கிறோம், அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்றும் சொல்கிறோம். இரண்டும் எங்கோ ஓரிடத்தில் பொருந்துகின்றன. எது எங்கே, யாருக்கு, எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் ஆய்வு வேண்டியிருக்கிறது.

நெடுஞ்சுடர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. லாசர்ஸ்ஃபெல்ட் காட்டிய எடுத்துக்காட்டு மறுக்க முடியாதது. எனினும் அதிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. முடிவை அறிந்த பிறகு எதுவும் தெளிவாகத் தோன்றும் என்பதால், முடிவை அறியுமுன் பொதுமக்களுக்கு எதுவுமே தெரியாது என்று ஆகிவிடாது. இதையும் அளந்திருக்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், துறைப் பயிற்சி இல்லாத 233 பேருக்கு 27 சமூக அறிவியல் ஆய்வுகளைப் பற்றிய எளிய விளக்கம் தரப்பட்டு, இவற்றை மீண்டும் செய்தால் அதே முடிவு வருமா என்று கேட்கப்பட்டது. அவர்கள் கணித்ததில் 59 விழுக்காடு சரியாக அமைந்தது. சான்றின் வலிமையையும் சேர்த்துச் சொன்னபோது அது 67 விழுக்காடாக உயர்ந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது மேலானதுதான்.

மனிதர்களோடு வாழ்ந்தே மனிதர்களைப் பற்றி நாம் கற்றுக்கொள்கிறோம். அந்த அறிவு முழுவதையும் மயக்கம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதில் எந்தப் பகுதி நம்பத்தக்கது என்று முன்கூட்டியே பிரித்தறிய வழி உண்டா என்பதே இப்போது என் கேள்வி.

பரிதி எழுதியது:

நீண்ட காலம் வகுப்பறையில் பணிபுரிந்தவன். பிரித்தறிய வழி உண்டா என்பதற்கு என் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன், ஏனெனில் இதில் பொது அறிவு பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கிறது.

ஒரு பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தால் மனத்தில் பதியும் என்பது மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் ஒருமித்து நம்புவது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டாம் முறையும் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்ததோடு நிறுத்தி, புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் இருமுறை படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். பொது அறிவு வென்றது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டில் நின்றார்கள். அவர்கள் செய்த இரண்டாம் சோதனையில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள்தாம் ஒரு வாரத்துக்குப் பிறகும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். உண்மையில் அவர்களே மிகக் குறைவாக நினைவுகூர்ந்தார்கள்.

நெடுஞ்சுடர் அவர்கள் கேட்டதற்கு இதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்று கருதுகிறேன். செயலின் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும் இடங்களில் நம் பொது அறிவு பெரும்பாலும் கூர்மையாக இருக்கிறது. விளைவு தாமதமாக வரும் இடங்களிலும், மாற்றுவழியில் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதை நாம் காண வாய்ப்பில்லாத இடங்களிலும் அது தடுமாறுகிறது. படித்து முடித்த கையோடு பாடம் நினைவிருப்பதை மாணவர் காண்கிறார். அதையே அவர் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரத்து மறதியை இந்தப் பழக்கத்தோடு அவர் தொடர்புபடுத்துவதே இல்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். திசையை ஊகிப்பது வேறு, அளவை அறிவது வேறு. சமூக உளவியலின் நூறாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்டவர்கள், 25,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளில் சராசரி ஒட்டுறவுக் கெழு (இரண்டு செய்திகளுக்கு இடையிலான தொடர்பின் வலிமையைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.21 என்று கணக்கிட்டார்கள். அதாவது, உண்மையான விளைவுகளிலும் பெரும்பாலானவை சிறியவை. தூக்கம் குறைந்தால் மாணவரின் கவனம் குறையும் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரம் குறைந்தால், எந்த வயதில், எந்தப் பணியில் எவ்வளவு குறையும் என்று தெரியாமல் பள்ளி நேரத்தை எப்படி வகுப்பது?

அருவி எழுதியது:

பரிதி அவர்கள் சொன்ன கடைசிக் கருத்தைவிட அதற்கு முந்தைய கருத்து என்னை வலுவாகத் தொட்டது. மாற்றுவழியில் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதை நாம் காண்பதில்லை என்ற அந்த ஒன்று, பல இடங்களில் பிள்ளைகளின் வாழ்க்கையையே பாதித்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசாமல் ஆய்வுச் செலவைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது என்று நினைக்கிறேன்.

தவறான வழியில் செல்லத் தொடங்கிய சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, அங்கிருக்கும் கைதிகளைக் கொண்டே அவர்களை அச்சுறுத்தினால் திருந்துவார்கள் என்ற எண்ணம் அமெரிக்காவில் பல திட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அடியாத மாடு படியாது என்று நம்பும் எவருக்கும் இதில் ஐயம் எழாது. கலந்துகொண்ட சிறுவர்கள் கண்ணீர் விட்டார்கள், பெற்றோர் நன்றி சொன்னார்கள், அதிகாரிகள் மனநிறைவு அடைந்தார்கள். ஆந்தனி பெட்ரோசினோவும் அவருடைய குழுவினரும், ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தப்பட்ட 9 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, ஒன்றுமே செய்யாமல் விடப்பட்ட சிறுவர்களைவிட இத்திட்டத்துக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களே பிற்பாடு கூடுதலாகக் குற்றம் புரிந்திருந்தார்கள் என்று தெரியவந்தது. எந்தச் சிறுவர்களைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்கே அது தீங்காக முடிந்தது.

கனிவான வழிக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 1939-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கிய திட்டத்தில், 506 சிறுவர்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். சராசரியாக ஐந்து ஆண்டுகள் வீட்டுக்கு வந்து பேசுவது, படிப்பில் உதவுவது, மருத்துவ வசதி செய்து தருவது, கோடை முகாமுக்கு அனுப்புவது என எல்லாம் நடந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிக் கண்டறிந்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். பதிலளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அத்திட்டம் தமக்கு உதவியதாக நன்றியோடு சொன்னார்கள். ஆனால் உதவி பெறாத இணையரோடு ஒப்பிட்டபோது குற்றம் குறைந்திருக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை குற்றம் புரிந்தவர்கள், மதுப் பழக்கத்துக்கு ஆளானவர்கள், இளமையிலேயே இறந்தவர்கள் ஆகியோர் உதவி பெற்றவர்களிடையேதான் மிகுந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்த நன்றியுரைகளே வெற்றிக்குச் சான்றாகப் பதிவாகியிருக்கும், அதே திட்டம் ஊர்தோறும் பரவியிருக்கும்.

விபத்துக்கோ பேரிடருக்கோ ஆளானவரை உடனடியாக உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் விரிவாகப் பேசச் செய்வது நல்லது என்ற நம்பிக்கையும் இத்தகையதே. தீக்காயம் அடைந்தவர்களைப் பற்றி 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 மாதம் கழித்து, அவ்வாறு பேசவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 9 விழுக்காட்டினரிடமும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் காணப்பட்டது. பேசவைக்கப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் கடுமையாக இருந்தது என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் பல சோதனைகளைத் தொகுத்த பின்வந்த மதிப்பாய்வுகளும், ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைக்கும் அந்த முறை நோயைத் தடுப்பதில்லை என்ற முடிவுக்கே வந்தன.

கோபத்தை அடக்காமல் கொட்டிவிட்டால் மனம் தணியும் என்பதைப் பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களிடம் சோதித்தார். தம்மை இகழ்ந்தவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களின் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களிடமே வன்மம் மிகக் குறைவாக இருந்தது.

சோதிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவானவை என்று கருதப்பட்ட நம்பிக்கைகளே இவையெல்லாம். ஆகையால், யாவரும் அறிந்ததைச் சோதிக்காதீர்கள் என்று சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் எண்ணவில்லை.

கூர்மதி எழுதியது:

அருவி அவர்களின் பதிவு இந்த இழையில் நான் படித்தவற்றுள் மிக முக்கியமானது. அதனோடு, மறுபக்கத்திலிருக்கும் ஓர் ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிப்படையான முடிவுகளைக் கேட்டு மக்கள் அலுத்துக்கொள்வதால், ஆய்விதழ்களும் செய்தித்தாள்களும் வியப்பூட்டும் முடிவுகளையே நாடத் தொடங்குகின்றன. வியப்பூட்டும் முடிவு உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு இயல்பிலேயே குறைவு. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த பெருங்குழு, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் அளவில் குறிப்பிடத்தக்க முடிவை, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவைக் காட்டியிருந்ததையும், மறுசோதனையில் 36 விழுக்காடே அவ்வாறு காட்டியதையும் வெளியிட்டது.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் எடுத்துக்காட்டு, பரிசுச்சீட்டில் வென்றவர்களைப் பற்றியது. பெரும் பணம் வந்தால் வாழ்க்கை நிறைவு கூடும் என்பது சாதாரண மனிதரின் எண்ணம். 1978-இல் பிரிக்மன் குழுவினர் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு, அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்று எழுதினார்கள். பொது அறிவைப் புரட்டிப்போட்டதாகக் கருதப்பட்ட இந்த முடிவு பல பத்தாண்டுகள் பாடநூல்களிலும் மேடைகளிலும் வலம்வந்தது. அது வெறும் 22 பேரைப் பற்றியது என்பதைச் சுட்டிக்காட்டியவர்கள் மிகச் சிலரே. 2020-இல் சுவீடனில் ஆயிரக்கணக்கான வெற்றியாளர்களைப் பரிசு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, பெரும்பரிசு வென்றவர்களின் வாழ்க்கை நிறைவு உண்மையில் கூடியிருந்ததும், பத்தாண்டுகளுக்கு மேலும் அது நீடித்ததும் தெரிந்தன. எல்லோரும் முதலில் எண்ணியதை மெய்ப்பித்த இந்த ஆய்வுக்குப் பழைய ஆய்வின் புகழில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அறிவைத் திருத்தியது இதுதான்.

கூட்டம் கூடினால் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்ற கருத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1968-இல் டார்லி, லட்டானே இருவரும் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையில், வலிப்பு வந்து உதவி கேட்கும் ஒருவரின் குரலைத் தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினரும், இன்னும் நால்வர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரும் விரைந்து உதவினார்கள். அது நல்ல சோதனைதான். ஆனால் அதிலிருந்து மக்கள் பொதுவாகவே கல்நெஞ்சர்கள் என்ற முடிவுக்குப் பலர் தாவிவிட்டார்கள். 2019-இல் மூன்று நாடுகளின் நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டு உதவ முயன்றிருந்தார்.

நெடுஞ்சுடர் எழுதியது:

அருவி அவர்கள் எடுத்துரைத்தவற்றுக்குப் பிறகு என் கேள்வியைச் சற்று மாற்றி அமைக்கிறேன். தெரிந்ததைச் சோதிக்கலாமா என்பதில் இனி எனக்கு வாதம் இல்லை. சோதிக்க வேண்டும். ஆனால் அச்சோதனை, நம்பிக்கை பொய்யாகவும் கூடும் என்ற வாய்ப்பை உண்மையிலேயே திறந்து வைத்திருக்க வேண்டும். சிலரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வந்ததும் நிறுத்திக்கொள்ளும் ஆய்வுகள் எனக்கு இன்னமும் ஏற்புடையவை அல்ல. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், போதிய எண்ணிக்கை இல்லாமல், காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரிக்காமல் செய்யப்படுவது, பொது நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்துவதாகவே முடியும். அந்த முத்திரையை நம்பி நாளை ஒரு திட்டம் உருவானால், அருவி அவர்கள் அஞ்சும் தீங்கே நேரும்.

இந்த ஐயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. உளவியலில் வழக்கமான முறையில் வெளியான ஆய்வுகளில் 96 விழுக்காடு ஆய்வாளரின் கருதுகோளை ஆதரிப்பதாகவும், முடிவு தெரியுமுன்பே ஆய்வுத் திட்டத்தை மட்டும் பார்த்து இதழ்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வுகளில் 44 விழுக்காடே அவ்வாறு ஆதரிப்பதாகவும் 2021-இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. எதிர்பார்த்ததே வந்தது என்ற செய்திகள் இத்தனை மிகுந்திருப்பதற்கு, எதிர்பார்ப்புகள் அத்தனையும் சரி என்பது காரணமாக இருக்க முடியாது.

தேன்மொழி எழுதியது:

நெடுஞ்சுடர் அவர்களின் இந்தத் திருத்தத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்தும் இதற்குப் பொருந்தும். களைத்துப்போனால் கட்டுப்பாடு தளரும் என்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றுவது. 1998 முதல் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதை மெய்ப்பித்ததாக எழுதப்பட்டன. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே நடைமுறையை முன்கூட்டியே பதிவு செய்து, 2,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, விளைவு ஏறத்தாழச் சுழியத்துக்கு அருகில் இருந்தது. அந்த நடைமுறை பொருத்தமானதுதானா என்ற விவாதம் அதன் பிறகு எழுந்தது. ஆனால் நம்பிக்கை பரவலாக இருந்ததும், அதை ஆதரித்த ஆய்வுகள் ஏராளமாக இருந்ததும் சேர்ந்துகூட உறுதியைத் தரவில்லை என்பது தெளிவாயிற்று.

முன்கூட்டியே பிரித்தறிய வழி உண்டா என்று தாங்கள் முன்பு கேட்டதற்கும் இப்போது நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. முடிவு வெளிவருமுன் கணிப்பை எழுதி வாங்கிவிடுவதே அது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, டெவின் போப், ஈவா விவால்ட் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2019-இல் இதை வலியுறுத்திக் கட்டுரை எழுதியதோடு, சமூக அறிவியல் ஆய்வுகளுக்கான கணிப்புகளைச் சேகரிக்கும் இணையத் தளம் ஒன்றையும் அமைத்தார்கள். ஆய்வு நடக்கும்போதே துறை அறிஞர்களும் மற்றவர்களும் தம் கணிப்பை அங்கே பதிவு செய்கிறார்கள். பிறகு முடிவு வரும்போது, இது முன்பே தெரிந்ததா என்பதற்கு யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை. பதிவில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும்.

பரிதி எழுதியது:

தேன்மொழி சொல்லும் முறையின் பயனை மிகத் தெளிவாகக் காட்டியது, 2021-இல் வெளியான உடற்பயிற்சிக் கூடப் பேராய்வு. 61,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம், பயிற்சிக்கு வரத் தூண்டும் 54 விதமான நான்கு வாரத் திட்டங்களை முப்பது அறிவியலாளர்கள் ஒரே நேரத்தில் சோதித்தார்கள். அவற்றில் 45 விழுக்காடு மட்டுமே வருகையைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டின. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்தவை 8 விழுக்காடுதான். அனைத்திலும் சிறப்பாகப் பலன் தந்தது, ஒருநாள் தவறவிட்டவர் மீண்டும் வந்தால் அவருக்குச் சிறு வெகுமதி வழங்கிய திட்டம். அது வருகையை 27 விழுக்காடு உயர்த்தியது.

எந்தத் திட்டம் வெல்லும் என்று நடத்தை அறிவியலில் பணிபுரிபவர்களிடமும், பொதுச் சுகாதாரத் துறைப் பேராசிரியர்களிடமும், சாதாரண மக்களிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். மூன்று தரப்பினரின் கணிப்புக்கும் வந்த முடிவுக்கும் தொடர்பே இருக்கவில்லை. இப்போது அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள், தவறியவரை மன்னித்துத் திரும்ப அழைத்தால் அவர் வருவார் என்பது யாருக்குத்தான் தெரியாது என்று கேட்கக்கூடும். கணிப்புப் பதிவுகள் அந்த ஆய்வோடு சேர்த்தே வெளியிடப்பட்டிருப்பதால், அப்படிக் கேட்பவரிடம் அவற்றைக் காட்டலாம்.

நெடுஞ்சுடர் எழுதியது:

பரிதி அவர்களே, அந்தக் கணிப்பு விவரங்களை இன்றே தேடிப் படிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. துறை அறிஞர்களுக்கும் பொதுமக்களுக்கும் கணிப்பில் பொதுவாகவே வேறுபாடு இல்லையா, அல்லது உடற்பயிற்சி ஆய்வில் மட்டும்தான் அப்படி அமைந்ததா?

தேன்மொழி எழுதியது:

அது கேட்கப்படும் கேள்வியின் வகையைப் பொறுத்தது. டெல்லாவிக்னாவும் போப்பும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி விசைப்பலகையில் இரண்டு விசைகளை மாற்றி மாற்றி அழுத்தும் எளிய பணிக்குப் பல வகையான ஊக்கங்களை அளித்து, எந்த ஊக்கம் எவ்வளவு உழைப்பைப் பெற்றுத் தரும் என்று 208 அறிஞர்களைக் கணிக்கச் சொன்னார்கள். அறிஞர்களின் கணிப்பு மொத்தத்தில் நன்றாகவே இருந்தது, தனியொருவர் கணிப்பைவிட எல்லோருடைய கணிப்பின் சராசரி இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் ஊக்கங்களை வலிமைப்படி வரிசைப்படுத்துவதை மட்டும் எடுத்துக்கொண்டால், துறைப் பயிற்சி இல்லாதவர்களும் அறிஞர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே செய்தார்கள். உண்மையான அளவு எவ்வளவு என்பதைக் கணிப்பதில்தான் அறிஞர்களுக்கு மேம்பாடு தென்பட்டது. திசை வேறு, அளவு வேறு என்று பரிதி ஐயா முன்பு பிரித்துக் காட்டியதோடு இது பொருந்துகிறது.